மெல்பர்னில் மாணவர் பயணம்: வீடு பார்ப்பதிலிருந்து கடைசி ரயில் வரை

மெல்பர்னுக்குப் படிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கல்லூரியிலிருந்து வீடு எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான். இந்த ஊரில் அந்தக் கணக்கு அதிகம் உதவாது. ரயில் நிலையத்தை ஒட்டி இருபது கிலோமீட்டர் தள்ளியிருப்பவர் நிம்மதியாக வகுப்புக்கு வந்துவிடுவார். ஏழு கிலோமீட்டரில் இருந்தும் இரண்டு பஸ் மாற வேண்டியவர் முதல் பாதி வகுப்பைத் தவறவிடுவார். கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி? வழியில் எத்தனை இடத்தில் மாற வேண்டும்? இரவில் கடைசி வண்டி எப்போது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தபிறகு வாடகையைப் பேசலாம்.

முதல் படி: வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

மெல்பர்னின் ரயில் பாதைகள் எல்லாம் நகர மையத்திலிருந்து நாலா பக்கமும் கிளைவிட்டுப் போகின்றன. ஒரு கிளையிலிருந்து பக்கத்துக் கிளைக்குக் குறுக்கே போக ரயில் கிடையாது. மையத்துக்கு வந்து திரும்ப வேண்டும், இல்லையென்றால் பஸ்ஸை நம்ப வேண்டும். ஆகவே வீடும் கல்லூரியும் ஒரே பாதையில் அமைந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

உங்கள் கல்லூரிக்கு எது வாசல் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் வளாகத்துக்கு ஹண்டிங்டேல் ரயில் நிலையம். அங்கிருந்து 601ஆம் எண் பஸ் வளாகத்துக்கே போகிறது, காலை நேரத்தில் அடுத்தடுத்து வரும். அதே பல்கலைக்கழகத்தின் கால்ஃபீல்டு வளாகம் கால்ஃபீல்டு நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. ஸ்வின்பர்னுக்கு கிளென்ஃபெரி நிலையம். லா ட்ரோபின் பண்டூரா வளாகத்துக்கு 86ஆம் எண் டிராம் போகும், ஆனால் நகரத்திலிருந்து அதில் உட்கார்ந்துவருவது நீண்ட பயணம். ரெசர்வார் நிலையம் வரை ரயிலில் வந்து 301ஆம் எண் பஸ் பிடிப்பது விரைவு. டீக்கினின் பர்வுட் வளாகத்துக்கு 75ஆம் எண் டிராம், அல்லது பாக்ஸ் ஹில் நிலையத்திலிருந்து பஸ். மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்குப் பல ஆண்டுகளாக ஸ்வான்ஸ்டன் தெரு டிராம்தான் கதியாக இருந்தது. 2025 நவம்பர் 30 அன்று மெட்ரோ சுரங்கப் பாதை திறந்தபிறகு பார்க்வில் என்ற நிலத்தடி நிலையம் வளாகத்தின் வாசலிலேயே வந்துவிட்டது.

இந்தச் சுரங்கம் பழைய அறிவுரைகள் பலவற்றைச் செல்லாததாக்கிவிட்டது. மேற்கே சன்பரி பாதையும் தென்கிழக்கே கிரான்பர்ன், பாக்கன்ஹம் பாதைகளும் இப்போது ஒன்றாக இணைந்துவிட்டன. சன்ஷைனில் ஏறினால் ஆர்டன், பார்க்வில், ஸ்டேட் லைப்ரரி, டவுன் ஹால், ஆன்சாக் வழியாக நேராகத் தென்கிழக்குக்குப் போகலாம், மாற வேண்டியதில்லை. மேற்கில் வாடகை குறைவு, கல்லூரியோ கிளேட்டனில் என்று தயங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தினமும் போய்வருவது அலுப்பு. ஒரு பருவம் தாங்கும், மூன்றாம் பருவத்தில் வீடு மாற்றத் தோன்றும்.

இந்தியர்கள் அதிகம் வசிக்கும் டார்னீட்டையும் பாயிண்ட் குக்கையும் பற்றி ஒரு வார்த்தை. டார்னீட்டில் நிலையம் உண்டு, ஆனால் அது நகர ரயிலின் நிலையம் அல்ல. ஜீலாங் என்ற வெளியூருக்குப் போகும் வி/லைன் ரயில், அதாவது மாநிலத்தின் மற்ற ஊர்களுக்கான ரயில், நின்றுபோகும் இடம். காலையில் நிற்க இடம் கிடைப்பதே பெரிது. பாயிண்ட் குக்கில் ரயில் நிலையமே கிடையாது. வில்லியம்ஸ் லேண்டிங் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். விளம்பரத்தில் "நிலையம் அருகில்" என்று போட்டிருந்தால், நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை நடக்க எத்தனை நிமிடம் என்று வரைபடத்தில் நீங்களே பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு என்று நேரத்தை மாற்றியும் ஒருமுறை பாருங்கள். உண்மை அப்போதுதான் வெளியே வரும்.

இரண்டாம் படி: விமான நிலையத்திலிருந்து

டல்லமரீன் விமான நிலையத்துக்கு ரயில் இல்லை. இத்தனை பெரிய நகரத்தில் இது எப்படி என்று கேட்காதவர் இல்லை. உள்ளூர்க்காரர்களும் பல்லாண்டுகளாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெட்டிகளோடு முதல்முறை வந்திறங்குபவருக்கு ஸ்கைபஸ் என்ற விமான நிலையப் பஸ் எளிது. இருபது டாலருக்குச் சற்று மேலே ஆகும், சதர்ன் கிராஸ் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கும். சிக்கனம் பார்ப்பவருக்கு 901ஆம் எண் பஸ் இருக்கிறது. அது பிராட்மெடோஸ் நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து கிரெய்கிபர்ன் பாதை ரயிலில் நகரத்துக்கு வரலாம். நகரப் பயணத்துக்கான சாதாரண மைக்கி அட்டையே போதும், தனி டிக்கெட் வேண்டாம். ஒரு கைப்பையோடு வருகிறவருக்கு இது நல்ல வழி. இரண்டு முப்பது கிலோ பெட்டி, தோளில் ஒரு பை, கையில் அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாய் என்று வருகிறவர் முதல் நாளில் பணத்தை மிச்சம் பிடிக்க முயல வேண்டாம்.

பல கல்வி நிறுவனங்கள் புதிய வெளிநாட்டு மாணவர்களை விமான நிலையத்தில் வந்து அழைத்துச் செல்கின்றன. புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். மின்னஞ்சல் போட்டுக் கேட்டுப் பார்ப்பதில் நட்டம் இல்லை.

மூன்றாம் படி: மைக்கி அட்டை

ரயில், டிராம், பஸ் மூன்றுக்கும் ஒரே அட்டை, பெயர் மைக்கி. ரயில் நிலைய இயந்திரங்களிலும் செவன் இலெவன் கடைகளிலும் கிடைக்கும். ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவர்கள் அட்டையைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்ளலாம். வங்கி அட்டையைக் காட்டி ஏறும் வசதியைப் படிப்படியாகக் கொண்டுவரும் வேலையும் நடந்துவருகிறது. அது முழுதாக வரும்வரை மைக்கி கையில் இருப்பதே பத்திரம். டிராமில் அட்டையும் விற்க மாட்டார்கள், பணமும் ஏற்ற முடியாது. ஏறும் முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

வாங்கிய அன்றே அட்டையை உங்கள் பெயரில் பதிவு செய்துவிடுங்கள். தொலைந்தால் மிச்சப் பணத்தைப் புது அட்டைக்கு மாற்றிக்கொள்ள அது ஒன்றே வழி. அட்டைக்கு நான்கு ஆண்டு ஆயுள்.

டச் ஆன், டச் ஆஃப் என்று இங்கே எல்லோரும் சொல்வது, ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைக் கருவியில் காட்டுவதை. அட்டையைத் தேய்க்கவோ ஆட்டவோ வேண்டாம். கருவியின் முகத்தில் அப்படியே ஒரு நொடி வைத்துப் பிடியுங்கள். ஒலி கேட்டு, திரையில் மீதித் தொகை தெரிந்தபிறகு எடுங்கள். பணப்பைக்குள் வங்கி அட்டைகளோடு சேர்த்து வைத்துக் காட்டினால் கருவி குழம்பும். பெரிய நிலையங்களில் கதவு இருப்பதால் மறக்க வழியில்லை. சின்னப் புறநகர் நிலையங்களிலோ நடைமேடைக்குப் போகும் வழியில் ஒரு கம்பம் மட்டும் நிற்கும். ரயில் வருகிற சத்தம் கேட்டு ஓடுகிறவர்கள் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள்.

ரயிலிலும் பஸ்ஸிலும் இறங்கும்போதும் காட்ட வேண்டும். டிராமில் ஏறும்போது காட்டினால் போதும்.

சோதனை அதிகாரிகள் சீருடையிலும் வருவார்கள், சாதாரண உடையிலும் வருவார்கள். செல்லுபடியாகும் டிக்கெட் இல்லையென்றால் அபராதம் முந்நூறு டாலரை ஒட்டி வரும். "இப்போதுதான் நாட்டுக்கு வந்தேன்" என்பது பெரும்பாலும் எடுபடாது. அபராதச் சீட்டு வந்தால் ஒளித்துவைக்காதீர்கள். அதை எதிர்த்து எழுதிக் கேட்க வழியுண்டு, பல்கலைக்கழக மாணவர் சங்கங்களில் இலவசச் சட்ட உதவியும் கிடைக்கும்.

நான்காம் படி: சலுகை உண்டா, எந்தக் கட்டணம் லாபம்

இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஊரில் மாணவர் என்றாலே சலுகை உண்டு என்று பழகிவிட்டோம். விக்டோரியாவில் பாதிக் கட்டணச் சலுகை முழுநேர இளநிலை மாணவர்களுக்கானது. முதுநிலை மாணவர்களுக்குக் கிடையாது, வெளிநாட்டு மாணவர்களுக்கும் பொதுவாகக் கிடையாது. பரிமாற்றத் திட்டத்தில் வருகிறவர்கள், ஆஸ்திரேலிய அரசின் சில உதவித்தொகை பெறுகிறவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டு இளநிலை மாணவர்களுக்குச் சில கல்வி நிறுவனங்கள் வழியாக ஆண்டு பாஸ் தள்ளுபடியில் கிடைக்கும். உங்கள் நிறுவனம் அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று மாணவர் சேவை அலுவலகத்தில் கேளுங்கள். எம்.எஸ். படிக்க வந்த அண்ணன் ஒருவர் சலுகை அட்டையில் பயணம் செய்கிறார், ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்பி நீங்களும் வாங்காதீர்கள். தகுதிச் சான்று கையில் இல்லாமல் சலுகை அட்டையைக் காட்டினால், டிக்கெட் எடுக்காததற்குச் சமமாகத்தான் நடத்துவார்கள்.

இனிக் கணக்கு. 2025ஆம் ஆண்டு முழுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரி தோறும் கொஞ்சம் ஏறும், விகிதம் பெரிதாக மாறாது. இரண்டு மணி நேரத்துக்கு 5.50 டாலர். ஒரு நாளில் எத்தனைமுறை ஏறி இறங்கினாலும் 11 டாலருக்கு மேல் பிடிக்காது. வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் அந்த வரம்பு இன்னும் குறைவு. அட்டையில் ஏற்றிவைத்த பணத்திலிருந்து இப்படிப் பயணத்துக்குப் பயணம் கழிவதுதான் மைக்கி பணம். பாஸ் என்றால் ஏழு நாளுக்கு 55 டாலர். 28 நாளோ அதற்கு மேலோ எடுத்தால் நாளுக்கு 6.60 டாலர், அதாவது 28 நாளுக்கு 184.80.

முதுநிலை வகுப்புகள் பெரும்பாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான். வாரம் மூன்று நாள் போய்வருகிறவருக்கு நான்கு வாரத்தில் 132 டாலர் ஆகும். அவருக்குப் பாஸ் நட்டம். வகுப்பு மூன்று நாள், வேலை இரண்டு நாள் என்று ஐந்து நாளும் பயணம் செய்கிறவருக்கு 220 ஆகும். அவர் பாஸ் எடுத்துவிட வேண்டும். நான்கு வாரத்தில் பதினேழு வாரநாள் பயணம் என்பது கோடு. அதற்கு மேலே போனால் பாஸ், கீழே என்றால் பணம். முதல் மாதம் பணத்தை ஏற்றியே ஓட்டி, பழக்கம் பிடிபட்டபிறகு முடிவு செய்யுங்கள்.

தெரிந்தவர்கள் பயன்படுத்தும் இரண்டு விஷயங்களும் உண்டு. இரண்டு மணி நேரம் என்பது அடுத்த முழு மணியிலிருந்து கணக்கிடப்படும். 8.05க்கு அட்டையைக் காட்டினால் 11 மணி வரை செல்லும், 7.58க்குக் காட்டினால் 10 மணியோடு சரி. மாலை 6 மணிக்குமேல் காட்டினால் விடிகாலை 3 மணி வரை அதே கட்டணம். மற்றொன்று, வாரநாளில் நகர ரயிலில் ஏறி காலை 7.15க்குள் இறங்கிவிட்டால் அந்தப் பயணம் இலவசம். அதற்கும் அட்டையைக் காட்டியாக வேண்டும். விடிகாலை வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு இது மாதத்தில் ஒரு தொகை.

ஐந்தாம் படி: ரயிலில் திசை தப்பாமல்

நடைமேடையில் உள்ள திரையில் கடைசி ஊரின் பெயரை மட்டும் பார்த்து ஏறாதீர்கள். கீழே நிற்கும் நிலையங்களின் பட்டியல் ஓடும்; உங்கள் நிலையம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். விரைவு ரயில் என்றால் சின்ன நிலையங்களை விட்டுவிட்டுப் போய்விடும். கதவுகள் பல ரயில்களில் தாமாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும்.

நகர மையத்தில் பாராளுமன்றம், மெல்பர்ன் சென்ட்ரல், ஃபிளாக்ஸ்டாஃப் என்ற மூன்று நிலத்தடி நிலையங்கள் ஒரு வளையத்தில் இருக்கின்றன. சில பாதைகள் அந்த வளையத்தைச் சுற்றும், சில ஃபிளிண்டர்ஸ் தெருவுக்கு நேராக வரும், சில புதிய சுரங்கத்தில் போகும். சுரங்கத்தில் போகும் ரயில்கள் ரிச்மண்டிலும் சௌத் யாராவிலும் நிற்பதில்லை. டாண்டினாங் பக்கம் இருந்து எம்.சி.ஜி. மைதானத்துக்குக் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் கால்ஃபீல்டில் மாற வேண்டும். நேராகப் போய்விடலாம் என்று உட்கார்ந்திருந்தால் நிலத்தடியில் டவுன் ஹாலில்தான் கண்விழிப்பார்கள். டவுன் ஹால் நிலையம் ஃபிளிண்டர்ஸ் தெருவோடும், ஸ்டேட் லைப்ரரி நிலையம் மெல்பர்ன் சென்ட்ரலோடும் உள்ளே இணைந்திருப்பதால் தெருவுக்கு வராமலே மாறலாம்.

"ரயிலுக்குப் பதில் பஸ்" என்ற அறிவிப்பு இந்த ஊரின் அன்றாடம். தண்டவாள வேலை என்று வார இறுதியில் ஒரு பாதையை மூடிவிட்டு பஸ் விடுவார்கள். அரைமணிப் பயணம் ஒரு மணிக்கு மேலே இழுக்கும். தேர்வுக்கும் நேர்காணலுக்கும் முந்தைய இரவே டிரான்ஸ்போர்ட் விக்டோரியா செயலியில் உங்கள் பாதையைப் பார்த்துவிடுங்கள். காலையில் நடைமேடையில் நின்று பார்த்துப் பயனில்லை.

ஆறாம் படி: டிராம்

மெல்பர்னின் டிராம் பாதை சுமார் 250 கிலோமீட்டர், உலகில் இதைவிடப் பெரியது இல்லை. அழகான வண்டி, ஆனால் மெதுவான வண்டி. சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் அளவில்தான். நடக்கச் சோம்பல்படுகிற தூரத்துக்கு டிராம் சரி. ஊரின் ஓரத்திலிருந்து டிராமிலேயே வரலாம் என்று வீடு எடுத்தால் ஆயுளில் பாதி அதிலேயே போகும்.

நகர மையத்தில் 2015 முதல் இலவச டிராம் பகுதி உண்டு. குயின் விக்டோரியா சந்தை, டாக்லேண்ட்ஸ், ஸ்பிரிங் தெரு, ஃபிளிண்டர்ஸ் தெரு இவற்றுக்குள் ஏறி இறங்கினால் கட்டணம் இல்லை. அங்கே அட்டையைக் காட்டவே கூடாது. காட்டினால் பணம் போய்விடும். எல்லையைத் தாண்டுவதற்குமுன் வண்டியில் அறிவிப்பு வரும். மெல்பர்ன் பல்கலைக்கழகம் எல்லைக்கு வெளியே இருக்கிறது. இரண்டு நிறுத்தம்தானே என்று காட்டாமல் போகிற மாணவர்களுக்காகவே அதிகாரிகள் காத்திருப்பதுபோல் சில நாள் தோன்றும்.

நிறுத்தத்தில் கையை நீட்டி நிறுத்தச் சொல்லுங்கள். ஏறியவுடன் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள், புறப்படும்போது உலுக்கும். பல நிறுத்தங்கள் நடுச்சாலையில் இருக்கும். இறங்கும்போது கார்கள் நிற்க வேண்டும் என்பது சட்டம், ஆனாலும் இடப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் எலும்பு உங்களுடையது.

ஏழாம் படி: பஸ்

மூன்றிலும் பஸ் பலவீனமானது. வாரநாளில் இருபது நிமிடத்துக்கு ஒன்று வரும் பஸ், ஞாயிறன்று ஒரு மணிக்கு ஒன்றாகிவிடும். சில பாதைகளில் ஞாயிறு பஸ்ஸே இல்லை. விதிவிலக்கு 901, 902, 903 என்ற மூன்று நெடும் பாதைகள். இவை ரயில் கிளைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஊரை வளைத்துப் போகின்றன. ஒரு புறநகரிலிருந்து இன்னொரு புறநகருக்குப் போக மையத்துக்கு வந்து திரும்பும் வேலையை மிச்சப்படுத்தும். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கோ, மளிகைக்கும் இட்லி மாவுக்கும் டாண்டினாங் கடைகளுக்கோ ஞாயிறன்று போகிறவர்கள் போகும் பஸ்ஸைவிடத் திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வது இங்கே வழக்கம். அடுத்தமுறை நீங்கள் ஓடிவரும்போது அவர் கண்ணாடியில் பார்த்துக் காத்திருக்கவும் கூடும்.

எட்டாம் படி: இரவில்

வெள்ளி, சனி இரவுகளில் நகர ரயில்கள் விடிய விடிய ஓடும், பெரும்பாலும் மணிக்கு ஒன்று. 19, 67, 75, 86, 96, 109 ஆகிய ஆறு டிராம்களும் உண்டு. மற்ற நாட்களில் நள்ளிரவை ஒட்டி எல்லாம் ஓய்ந்துவிடும். பகுதிநேர வேலைக்கு நேரம் ஒப்புக்கொள்ளும்போது இது முக்கியம். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் மாணவர் விசாவில் வேலை செய்யலாம். அந்த மணிகளில் கிடைத்த சம்பளத்தை வாடகைக் காருக்குக் கொடுத்துவிட்டு வீடு வருவதில் பொருளில்லை. "பதினொன்றரைக்கு முடியும்" என்று முதலாளி சொன்னால், கடையைத் துடைத்துப் பூட்ட அரைமணி கூட்டிக்கொண்டு கடைசி ரயிலைப் பாருங்கள். அதற்குமுன் கிளம்ப வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

இரவில் நகர ரயில் நிலையங்கள் பலவற்றில் காவல் அதிகாரம் பெற்ற பாதுகாப்பு அலுவலர்கள் நிற்பார்கள். தனியாக வருகிறவர்கள் அவர்கள் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். ஓட்டுநருக்கு அடுத்த முதல் பெட்டியில் ஏறுங்கள். குடித்துவிட்டுக் கத்துகிறவரிடம் பேச்சுக் கொடுக்காமல் அடுத்த நிறுத்தத்தில் பெட்டி மாறிவிடுங்கள். ஆபத்து என்றால் 000. பல வளாகங்களில் இரவு நூலகத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை துணைக்கு வரும் காவலர் சேவை உண்டு. கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள்.

சைக்கிள், கார்

சைக்கிளுக்குத் தலைக்கவசம் கட்டாயம், இரவில் விளக்கும் கட்டாயம். ரயிலில் சைக்கிளைக் கட்டணம் இல்லாமல் ஏற்றலாம், டிராமில் ஏற்ற முடியாது. டிராம் தண்டவாளத்தைக் கடக்கும்போது நேர்க்குத்தாகக் கடக்கவும். சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் சிக்கும், மழை நாளில் இன்னும் மோசம்.

கார் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தற்காலிக விசாவில் இருப்பவர் ஊர் உரிமத்தை வைத்து விக்டோரியாவில் ஆறு மாதம்தான் ஓட்டலாம், பிறகு உள்ளூர் உரிமம் எடுக்க வேண்டும். நம் ஊரைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பது ஒரு நிம்மதி. ஆனால் நகர மையத்தில் சில சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்ப, டிராமுக்கு வழிவிட்டு இடது ஓரத்தில் போய் நின்று, பச்சை விளக்கு மாறும்போது திரும்ப வேண்டும். முதல்முறை பார்க்கிறவருக்குத் தலை சுற்றும்.

ஊரை விட்டு வெளியே

2023 மார்ச் 31 முதல் மாநிலத்தின் மற்ற ஊர்களுக்குப் போகும் வி/லைன் ரயிலுக்கும் மெல்பர்ன் நாள் கட்டணமே உச்சவரம்பு. ஜீலாங், பல்லாரட், பெண்டிகோ எங்கே போய்வந்தாலும் நகரத்துக்குள் சுற்றும் செலவுதான். சனி ஞாயிறில் இன்னும் குறைவு. இந்த மூன்று ஊருக்கும் மைக்கி அட்டை செல்லும், அதைவிடத் தொலைவுக்குத் தனி டிக்கெட் எடுத்து இருக்கையும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். ரயில்கள் சதர்ன் கிராஸிலிருந்து புறப்படும். நீண்ட வார இறுதிகளில் அரைமணி முன்பே நடைமேடைக்குப் போய்விடுங்கள், பல்லாரட் வரை நின்றுகொண்டே போவது வேடிக்கையாக இருக்காது.